ஆறு நிமிட நடை சொல்லும் செய்தி

எங்கள் மருத்துவமனையின் முதல் தளத்தில் நீண்டதொரு நடைக்கூடம் உண்டு. அதன் தரையில் மூன்று மீட்டருக்கு ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நிற்கும். ஒரு கூம்பிலிருந்து மறு கூம்புக்கு 30 மீட்டர் தொலைவு. வெளிநோயாளிகளாக வருவோர் பலர், தரையை இப்போதுதான் துடைத்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணி ஓரமாக ஒதுங்கிச் செல்வதுண்டு. உண்மையில் அந்த நடைக்கூடம் ஒரு பரிசோதனைக் களம். அங்கே இருக்கும் கருவிகள் ஒரு நிறுத்தற்கடிகாரம், ஒரு நாற்காலி, இரத்த அழுத்தமானி, விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவி ஆகியவை மட்டுமே.

சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூரிலிருந்து 67 வயதுப் பெரியவர் ஒருவர் அங்கே வந்தார். இதய இரத்தக்குழாய் அடைப்புக்காக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஸ்டென்ட் பொருத்தி ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அனைவரும் அவரைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்துவந்தனர். காலைக் காபி படுக்கைக்கே வந்தது. மாடிப்படி ஏறுவதற்குத் தடை. நாள்தோறும் சென்றுவந்த கபாலீசுவரர் கோயிலுக்கும் தடை. செய்தித்தாளை எடுக்க வாசல்வரை நடந்தாலும், "என்னங்க, நீங்க ஏன் எழுந்தீங்க? உட்காருங்க, நான் கொண்டு வரேன்" என்று மனைவி பதறுவார்.

ஐந்து வாரங்களின் முடிவில், குளியலறைவரை சென்று திரும்பினாலே பெரியவருக்கு மூச்சு வாங்கியது. இதயம் மறுபடியும் பழுதாகிவிட்டதென்று அஞ்சிக் குடும்பத்தார் அவரை அழைத்துவந்தனர். ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றம் ஏதுமில்லை. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் சுருங்கும் திறன் நன்றாகவே இருந்தது. இரத்தசோகை உள்ளதா, நுரையீரலில் கோளாறு உள்ளதா என்றும் பார்த்தோம், இரண்டும் இல்லை. அவருடைய இதயம் தேறியிருந்தது. உடல்தான் தளர்ந்திருந்தது.

இத்தகைய காட்சியை எங்கள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். அன்பினால் நேரும் தளர்ச்சி என்று இதைச் சொல்லலாம். நோயிலிருந்து மீள்பவர் எவ்வளவு நடக்கலாம் என்பதைப் பல வீடுகளில் அச்சமே முடிவுசெய்கிறது. அவ்வாறு அச்சத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. உடலின் தகுதியை அளந்து அறிய முடியும். அளந்தபின், எவ்வளவு உழைப்பு பாதுகாப்பானது என்பதையும் சொல்ல முடியும். உடற்பயிற்சியின்போது உடலில் என்ன நிகழ்கிறது, உடல்தகுதியை எவ்வாறு அளக்கிறோம் என்பவற்றை நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்வதற்காக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஓய்வுக்கும் ஓர் அளவுண்டு

நோயுற்றவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் எண்ணம். மருத்துவ உலகமும் ஒருகாலத்தில் அவ்வாறே நம்பியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாரடைப்பு ஏற்பட்டவரை ஆறு வாரங்கள்வரை படுக்கையிலேயே வைத்திருப்பது வழக்கமாக இருந்தது.

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு, அந்த நம்பிக்கையை அசைத்தவற்றுள் ஒன்று. நோயற்ற, 20 வயதுடைய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருந்தனர். முன்னும் பின்னும் அவர்களுடைய உடல், உச்ச உழைப்பில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். மூன்றே வாரங்களில் அந்தத் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. நோயில்லை, காயமில்லை, அறுவை இல்லை. படுத்திருந்தது மட்டுமே காரணம்.

30 ஆண்டுகள் கழித்து, 50 வயதை எட்டியிருந்த அதே ஐவரையும் மீண்டும் அளந்தனர். 30 ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்த திறனைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை பறித்த திறனே அதிகமாக இருந்தது. அதன்பின் ஆறு மாதங்கள் படிப்படியாக நடை, ஓட்டம், மிதிவண்டிப் பயிற்சி ஆகியவற்றை மேற்கொண்டதும், வயதினால் இழந்த அத்திறனை அவர்கள் மீட்டனர். ஐந்து பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான் இது. எனினும் படுக்கை எவ்வளவு விரைவாக உடலைத் தளர்த்தும் என்பதையும், இழந்ததை மீட்க முடியும் என்பதையும் ஒருசேரக் காட்டியது.

முதியோரிடம் இந்த இழப்பு இன்னும் விரைவாக நேர்கிறது. நோயற்ற முதியவர்கள் பத்து நாள்கள் படுக்கையில் இருந்தபோது, அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியுள்ளது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர் நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுவதற்கு நோயைப் போலவே படுக்கையும் காரணமாக இருக்கலாம்.

நடக்கும்போது உடலுக்குள் நிகழ்வது

சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, மாட வீதியை ஒருமுறை சுற்றிவருவதாக வைத்துக்கொள்வோம். முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன்பே இதயத்துடிப்பு சற்று உயர்கிறது. உழைப்பு வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

முதல் சில விநாடிகளுக்குத் தேவையான ஆற்றலைத் தசைகள் தம்முள் இருக்கும் சிறு கையிருப்பிலிருந்து பெறுகின்றன. அதன்பின் தசையில் சேமித்துள்ள சர்க்கரை பயன்படுகிறது. நுரையீரலும் இதயமும் இரத்த ஓட்டமும் சேர்ந்து ஆக்சிஜனைத் தேவையான அளவுக்குக் கொண்டுசேர்க்க இரண்டு மூன்று நிமிடங்கள் பிடிக்கின்றன. நடக்கத் தொடங்கியவுடன் மூச்சு சற்றுத் தடுமாறிப் பின்னர் சீராவது இதனால்தான். தொடக்கத்தில் மெதுவாக நடக்கச் சொல்வதும் இதற்காகவே.

ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. கடும் உழைப்பின்போது, பயிற்சியற்ற ஒருவரிடம்கூட இது 15 முதல் 20 லிட்டர்வரை உயரலாம். அந்த இரத்தம் செல்லும் வழியும் மாறுகிறது. ஓய்வில் மொத்த இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தசைகளுக்குச் செல்கிறது. கடும் உழைப்பில் பெரும்பங்கு தசைகளுக்கே திருப்பிவிடப்படுகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் செல்வது குறைகிறது. வயிறு நிறைய உண்டவுடன் நடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும்.

இரத்த அழுத்தத்தில் மேல் அளவு உழைப்புக்கு ஏற்ப உயர்கிறது. கீழ் அளவு பெரிதாக மாறுவதில்லை. சிலருக்குச் சற்றுக் குறையவும் செய்யும். பயிற்சியின்போது மேல் அளவு 160, 170 என உயர்வதைக் கண்டு நோயாளிகள் சிலர் திடுக்கிடுகின்றனர். அது உடலின் இயல்பான மறுமொழி. உழைப்பு கூடும்போது மேல் அளவு உயராமல் கீழிறங்கினால்தான் மருத்துவர் உடனே கவனிக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. ஓய்வில் இருக்கும் தசை, சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ள இன்சுலினின் துணையை நாடுகிறது. சுருங்கி விரியும் தசைக்கோ இன்சுலினைச் சாராத வேறொரு வழியும் திறந்துவிடுகிறது. மேலும், ஒருமுறை நடந்தபின் ஒன்றிரண்டு நாள்களுக்குத் தசைகள் இன்சுலினுக்கு நன்றாக இணங்குகின்றன. எனவேதான், நடைப்பயிற்சியைத் தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் விட்டுவிட வேண்டாம் என்கிறோம்.

சென்னைக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. நம் கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெப்பத்தை வெளியேற்ற உடல் தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. அதனால் அதே வேகத்தில் நடந்தாலும், மார்கழிக் காலையில் இருந்ததைவிடச் சித்திரையில் இதயம் கூடுதலாகத் துடிக்கும். வெயில் நாளில் வேகம் குறைவது உடல் பின்னடைந்ததற்கு அடையாளம் அன்று.

பழகும் உடலும் சென்னையில் நடந்த ஆய்வும்

ஒரு நாள் நடைக்கு உடல் தரும் மறுமொழி சில மணி நேரத்தில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் தொடரும்போது உடல் தன்னையே மாற்றியமைத்துக்கொள்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்தின் மொத்த அளவு சற்றுக் கூடுகிறது. அடுத்த வாரங்களில் தசைகளில் நுண்ணிய இரத்தநாளங்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் உயிரணு உறுப்புகளும் மிகுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை இறைக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் ஓய்வுநிலையில் துடிப்பின் எண்ணிக்கை குறைகிறது. முன்பு மூச்சு வாங்க வைத்த அதே படிக்கட்டு இப்போது எளிதாகிறது.

உழைக்கும் உடலுக்கும் அமர்ந்திருக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டை முதன்முதலில் பெரிய அளவில் எடுத்துக்காட்டியவை லண்டன் பேருந்துகள். அங்கே இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்து ஓட்டிய ஓட்டுநர்களையும், மேலும் கீழும் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களையும் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டார். நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாக இருப்பதாக அவரும் அவருடைய குழுவினரும் 1953இல் வெளியிட்டனர். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. வேறுபட்டது அவர்கள் செய்த வேலை.

நம் நகரத்திலேயே இதற்கு நெருங்கிய சான்று உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. நீரிழிவு இன்னும் வராத, ஆயினும் அதன் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு குழுவினருக்கு உணவுமுறை குறித்த அறிவுரையோடு, நாள்தோறும் குறைந்தது 30 நிமிடங்கள் விரைந்து நடக்குமாறு அறிவுரை. மூன்றாம் குழுவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் குழுவினருக்கு இவ்விரண்டும்.

மூன்று ஆண்டுகளின் முடிவில், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்திருந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் அது 39.3 சதவீதம். மாத்திரை பெற்றவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் பெற்றவர்களில் 39.5 சதவீதம்.

இந்த ஆய்வில் எங்களை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. உணவையும் நடையையும் மாற்றிய குழுவினரின் உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை. எனினும் அவர்களுக்குப் பயன் கிட்டியது. "இரண்டு மாதமா நடக்கிறேன் டாக்டர், ஒரு கிலோகூடக் குறையலையே" என்று வருந்தி நடையைக் கைவிடுவோர் பலர். எடைக்கருவி காட்டாத மாற்றங்களும் உடலுக்குள் நிகழ்கின்றன என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

ஆறு நிமிடங்களில் அளக்கப்படுவது

மயிலாப்பூர்ப் பெரியவருக்கு நாங்கள் முதலில் செய்தது ஆறு நிமிட நடைப் பரிசோதனை. அவரைப் பத்து நிமிடங்கள் நாற்காலியில் அமரச் செய்து, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டோம். பின்னர், "உங்களால் இயன்ற அளவு தூரம் நடங்கள். ஓட வேண்டாம். களைத்தால் நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்" என்று சொன்னோம். நோயாளியுடன் உறவினர் சேர்ந்து நடப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. உடன் நடப்பவரின் வேகம் நோயாளியின் வேகத்தை மாற்றிவிடும். அன்று அவருடைய மனைவி நடைக்கூடத்தின் முனையில் கைப்பையை இறுகப் பற்றியபடி நின்றிருந்தார்.

ஆறு நிமிடங்களில் பெரியவர் இரண்டு முறை நின்றார். மொத்தம் 240 மீட்டர் நடந்தார். ஆக்சிஜன் அளவு குறையவில்லை. நெஞ்சுவலி இல்லை. "காலுதான் சார் கனக்குது" என்றார்.

இந்த எண்ணை எவ்வாறு புரிந்துகொள்வது? மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் வகையில் 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைமேம்பாலத்தைப் பலரும் அறிவீர்கள். அதன் நீளம் 570 மீட்டர். அமெரிக்காவில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 40 முதல் 80 வயதுவரையிலான நோயற்ற ஆண்கள் ஆறு நிமிடங்களில் கடந்த தூரத்தின் இடைநிலை அளவு 576 மீட்டர். பெண்களுக்கு 494 மீட்டர். அதாவது, தீபாவளிக் கூட்டம் இல்லாத நாளில் அந்த மேம்பாலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கடக்கும் அளவு. வயது, உயரம், எடை ஆகியவற்றுக்கு ஏற்ப இந்த அளவு மாறும். ஆகவே பிறருடன் ஒப்பிடுவதைவிட, ஒருவர் தம்முடைய முந்தைய அளவுடன் ஒப்பிடுவதே பொருளுடையது. நீண்டகால நுரையீரல் நோயாளிகளிடம் ஏறத்தாழ 30 மீட்டர் கூடினாலே அது உண்மையான முன்னேற்றமாகக் கருதப்படுகிறது.

ட்ரெட்மில் பரிசோதனை பலரும் அறிந்தது; டி.எம்.டி. என்றே நோயாளிகள் அழைக்கின்றனர். இதற்குப் பெரும்பாலும் பின்பற்றப்படுவது, அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர் இராபர்ட் புரூஸ் வகுத்த முறை. மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகமும் 10 சதவீத ஏற்றமும், இரண்டாவதில் 4 கிலோமீட்டர், 12 சதவீதம், மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். நடக்கும்போது ஈ.சி.ஜி. தொடர்ந்து பதிவாகும். மருத்துவர் அருகிலேயே இருப்பார்.

இப்பரிசோதனையின் முடிவு பல குடும்பங்களைக் குழப்பிவிடுகிறது. "டி.எம்.டி. நெகட்டிவ்" என்று அறிக்கையில் கண்டதும் கலங்கியோரை நாங்கள் பார்த்திருக்கிறோம். நெகட்டிவ் என்றால், உழைப்பின்போது இதயத்துக்கு இரத்தம் குறைவதற்கான அடையாளம் தென்படவில்லை என்பது பொருள்; அது நல்ல செய்தி. பாசிட்டிவ் என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது பொருள். அடைப்பு உறுதியாகிவிட்டது என்பதன்று.

அறிக்கையில் "மெட்" என்ற அளவும் இருக்கும். அமைதியாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட். விரைந்த நடைக்கு ஏறத்தாழ நான்கு. பரிசோதனையில் ஒருவர் ஏழு மெட் வரை தொல்லையின்றி எட்டினால், திருமயிலை பறக்கும் இரயில் நிலையத்தின் படிகளை நிதானமாக ஏறுவது அவருடைய வரம்புக்குள்ளேயே இருக்கும். ட்ரெட்மில்லை நிறுத்தியபின் இதயத்துடிப்பு எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதையும் பார்க்கிறோம். மெதுவாக நடந்து இளைப்பாறும் முதல் நிமிடத்தில் 12க்கும் கூடுதலாகக் குறைவது நல்ல அறிகுறி.

பரிசோதனைக்கு வருவதற்கு முன் மூன்று மணி நேரத்துக்குக் கனமான உணவும் காபியும் வேண்டாம். பழகிய காலணியை அணிந்து வாருங்கள். பெண்கள் புடவையைவிடச் சுடிதார் அணிந்து வருவது எளிது. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை அன்று உட்கொள்ளலாமா என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கால்களின் வலிமையை அறிய, 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுகிறோம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். 70 முதல் 74 வயதுவரை உள்ள ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால், கால் வலிமை குறைவாகவும் விழுந்துவிடும் வாய்ப்பு கூடுதலாகவும் இருப்பதாகக் கொள்கிறோம்.

இவை எவையும் தேர்ச்சி, தோல்வி என்று முடிகிற தேர்வுகள் அல்ல. எங்கிருந்து தொடங்கலாம் என்பதைச் சொல்லும் அளவுகள்.

வீட்டில் பின்பற்ற

நாள்தோறும் பயன்படும் அளவுகோல் ஒன்றை ஒவ்வொருவரும் தம்மிடமே வைத்திருக்கிறோம். அது பேச்சு. நடந்துகொண்டே முழு வாக்கியத்தைப் பேச முடிய வேண்டும். பாட முடியாமல் இருக்க வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதவில்லை. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் வேகம் மிகுதி. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்வோர் நாடித்துடிப்பின் எண்ணிக்கையை மட்டும் நம்ப இயலாது. அவர்களுக்கு இந்தப் பேச்சு அளவுகோல் மிகவும் உதவும்.

குடும்பத்தாரின் கவனத்துக்குச் சிலவற்றைச் சொல்கிறோம்.

முதல் ஐந்து நிமிடங்களும் கடைசி ஐந்து நிமிடங்களும் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். விரைந்து நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால், கால்களில் இரத்தம் தேங்கித் தலை சுற்றக்கூடும்.

காலை ஏழரை மணிக்குள்ளாகவோ, வெயில் தாழ்ந்தபின்னரோ நடப்பது நல்லது. சிறுநீரக நோய் அல்லது இதயச் செயலிழப்பு காரணமாகத் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், வெயில் காலத்தில் எவ்வளவு பருகலாம் என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோரும் சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உட்கொள்வோரும், நடக்கும்போது சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே உட்கொள்ள வேண்டும்.

நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் எலியட்ஸ் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். நண்பகலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லும் அவர்களுக்குத் தீக்காயத்தை உண்டாக்கும், சுடுவதே தெரியாது. வழிபாட்டை அதிகாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் பாதங்களை யாரேனும் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, கண் இருளுதல், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அங்கேயே நின்று அமர வேண்டும். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழைக்கவும். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம். இதய நோயுள்ளோரும் அண்மையில் அறுவை செய்துகொண்டோரும் மருத்துவரின் ஒப்புதலுடனேயே தொடங்க வேண்டும்.

எங்கே நடப்பது என்ற கேள்விக்கு நம் பகுதியில் விடை எளிது. லஸ் அருகே, அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய பூங்கா இருக்கிறது. தியாகராய நகரில் நடேசன் பூங்காவும் பனகல் பூங்காவும் உள்ளன. அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியில் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தின்கீழ் 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட எட்டு கிலோமீட்டர் நடைபாதை உண்டு. எட்டு கிலோமீட்டரும் நடந்தாக வேண்டும் என்பதில்லை. முதல் வாரத்தில் வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிடங்கள், நாளுக்கு மூன்று முறை நடந்தாலும் அது தொடக்கமே.

மயிலாப்பூர்ப் பெரியவரும் அவ்வாறுதான் தொடங்கினார். வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் கண்காணிப்பில் பயிற்சி. மற்ற நாள்களில் வீட்டில் நடை. நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி காலையும் மாலையும். அவருடைய மனைவியிடம் நாங்கள் ஒரு பொறுப்பை ஒப்படைத்தோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் நடந்த நிமிடங்களைக் குறிக்கச் சொன்னோம். "உட்காருங்க" என்று சொல்லிவந்தவர் இப்போது, "என்னங்க, இன்னைக்கு இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருக்கு" என்று சொல்லத் தொடங்கியிருப்பதாகப் பெரியவர் எங்களிடம் முறையிட்டார். முறையீட்டில் மகிழ்ச்சியும் கலந்திருந்தது.

பத்து வாரங்களுக்குப் பின் அதே நடைக்கூடத்தில், அதே கூம்புகளுக்கிடையே அவர் மீண்டும் நடந்தார். ஓரிடத்திலும் நிற்கவில்லை. 345 மீட்டர். நாற்காலியில் அமர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, கோயிலுக்குப் போகலாமா என்பது. அதிகாலையில், மெதுவாகப் போய்வரலாம் என்றோம். அவருடைய மனைவி கைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராக 345 என்று எழுதிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் நோயிலிருந்து மீண்டுவரும் ஒருவர் இருந்தால், அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "இவர் எவ்வளவு நடக்கலாம்? அதை அளந்து சொல்ல முடியுமா?" முதல் தளத்து நடைக்கூடத்தில் கூம்புகளுடன் நாங்கள் காத்திருக்கிறோம்.